பத்தொன்பதாவது கம்பம்

வற்றிக் கிடந்த சேற்றுத்திடலின் ஓரத்தில் ஒரு கம்பம் நின்றது. நேற்று மாலை அது அங்கே இல்லை.

மாஸ்தலோ கஞ்சிக் கிண்ணத்தோடு துறைப்பலகையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காயலில் எந்தக் கம்பம் எங்கே நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் நட்டவனே அவன்தான். ரியால்தோவிலிருந்து வடக்குத் தீவுகள் வரை படகு ஓடும் சால்களின் ஓரமாகக் கருவாலி மரக் கம்பங்களை அடித்து இறக்குவதும், சாய்ந்ததை நிமிர்த்துவதும், உளுத்ததை மாற்றுவதும் இருபத்திரண்டு வருடமாக அவன் பிழைப்பு. கம்பத்துக்கு அந்தப் பக்கம் போனால் படகு மிதக்கும், இந்தப் பக்கம் வந்தால் சேறு விழுங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். அவனுக்குத் தெரியாமல் யாரும் காயலில் ஒரு குச்சியைக்கூட ஊன்ற மாட்டார்கள். அதுவும் அந்த இடத்தில். அது துறவிகளின் மடத்துத் தீவுக்குப் போகும் மடத்துச் சால். அதில் இருந்த பத்தொன்பது கம்பங்களையும் மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் புயல் கொண்டுபோய்விட்டது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, கஞ்சிய மீனுக்கு ஊட்டுறீங்களா?"

கிண்ணம் சாய்ந்து தினைக்கஞ்சி தண்ணீரில் ஒழுகிக்கொண்டிருந்தது. மகள் ரொமானா அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சிரித்தாள். பதினாறு வயது. தாய் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. தாயின் தேன் நிறக் கண்கள் மட்டும் இவள் முகத்தில் தங்கிவிட்டன. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். அந்த வீட்டில் மாஸ்தலோவுக்கு அவளைத் தவிர யாரும் கிடையாது.

தண்ணீர் ஏறியதும் படகை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். கம்பத்தின் கழுத்தில் இரண்டு வெட்டும் அதற்குக் கீழே ஒரு சூட்டுக் கோடும் இருந்தன. அவனுடைய அடையாளம். மரத்தில் பாதி உயரத்தில் இருந்த கோணல் முடிச்சு வரை அவனுக்கு ஞாபகம் இருந்தது. மடத்துச் சாலின் முதல் கம்பம் அது. அதை அவன் தன் கையால் பிடுங்கி, துண்டு போட்டு, அந்தக் குளிர்காலத்திலேயே அடுப்பில் எரித்துவிட்டான்.

இன்னொன்றையும் கவனித்தான். அடித்து இறக்கிய கம்பத்தின் தலை கொட்டாப்புளி அடியில் நைந்து பூப்போல விரிந்திருக்கும். இதன் தலை முழுசாக இருந்தது. அடிக்காமல், வெறும் கையால் அழுத்தியே இறக்கிய மாதிரி. மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். சேற்று நாற்றம் இல்லை. சூடான காடியின் நெடி வந்தது, திராட்சைக் காடி, கண்ணைக் கரிக்கும் அளவுக்கு.

அன்றே அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து வீட்டுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே போட்டான். மறுநாள் காலையில் அது போட்ட இடத்தில் இல்லை. சாலில் இரண்டு கம்பங்கள் நின்றன. இரண்டாவது, வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்பு வரை தோஜே செவேரோ பதினோரு வருடம் ஆண்டார். தோஜே என்பவர் காயல் மக்கள் தாங்களே கூடித் தூக்கி உட்காரவைக்கும் தலைவர். பிடிக்காவிட்டால் இறக்கியும் விடுவார்கள். இறக்கும்போது கொல்வதில்லை. எல்லோரும் பக்திமான்கள் அல்லவா! பழுக்கக் காய்ச்சிய பித்தளைக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே பிடித்து அதில் காடியை ஊற்றுவார்கள், ஆவி கண்ணைத் தின்றுவிடும். பிறகு மடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். குருடன் ஆள முடியாது, கொலைப் பாவமும் யார் தலையிலும் விழாது.

செவேரோ கல்நெஞ்சக்காரர் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. மூடுபனியில் வழி தப்பிய படகுக்காரன் கைக்குக் கிடைத்த கம்பத்தில் துடுப்பால் இரண்டு தட்டு தட்டுவான். அதைக் கேட்டவன் தன் வீட்டுத் தூணில் மூன்று தட்டு பதிலுக்குத் தட்டுவான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்தவன் கரை சேர்வான். பாட்டன் காலத்து வழக்கம். செவேரோ அதைச் சட்டமாக்கினார். தட்டைக் கேட்டும் பதில் தட்டாதவனுக்குக் கண் போகும். "அடுத்தவனுக்குக் கண்ணா இருக்க மாட்டேங்கிறவனுக்குக் கண்ணு எதுக்கு?" என்று சபையில் கேட்டார். பதினோரு வருடத்தில் மூன்று பேருக்குக் கண் போனது. அதில் ஒருவன் அவருடைய சொந்தத் தங்கை மகன், மீசை முளைக்காதவன். தங்கை காலில் விழுந்து கதறினாள். "அவன் கேட்டானா, கேக்கலையா? அத மட்டும் சொல்லு" என்றார்.

அந்தப் பதினோரு வருடத்தில் மூடுபனியில் ஒரு சாவு கிடையாது. அதையும் சொல்ல வேண்டும்.

மாஸ்தலோவுக்கு அவர்மேல் பிரியம் இருந்தது. தோஜே என்ற பந்தா இல்லாமல் மார்பளவு சேற்றில் இறங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார். "அடிடா மாஸ்தலோ, என் விரல் போனா வேற விரல் மொளைக்கும்" என்பார். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகளையும் முடிச்சுகளையும் தடவிப் பார்த்து, "இது ஏழாவது. இது பன்னெண்டு" என்று சொல்லுவார். ஒரு தடவையும் தப்பியதில்லை. கூட இருக்கும் உப்பளக்காரர்கள் கைதட்டுவார்கள்.

அவரை இறக்கியபோது மாஸ்தலோ எதிர்க்கவில்லை, யாருமே எதிர்க்கவில்லை. கண் போன மறுநாள் புதிய தோஜேயின் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உட்காரக்கூட இல்லை.

"மடத்துச் சால்ல இருக்கிற கம்பத்தயெல்லாம் இன்னிக்குள்ள பிடுங்கிரு. நாளைக்குச் செவேரோவப் படகுல மடத்துக்கு அனுப்புறோம், பனியும் இறங்கும் போல இருக்கு. யாராச்சும் தட்டினா உனக்குக் காது கேக்கல. புரிஞ்சுதா?" வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த ரொமானாவைப் பார்த்தபடி ஒருவன் கேட்டான், "பொண்ணுக்கு என்ன வயசு? பதிமூணா?"

அவ்வளவுதான். மாஸ்தலோ பிடுங்கினான்.

மறுநாள் பனி இறங்கியது. முற்பகலில் தட்டுச் சத்தம் ஆரம்பித்தது. கம்பம் இல்லாததால் படகின் பக்கப்பலகையில் தட்டினார்கள். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு. வற்றத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது என்று சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்தது. காய்ச்சலோடு படுத்திருந்த ரொமானா தலையைத் தூக்கினாள்.

"அப்பா, யாரோ தட்டுறாங்க."

"நம்ம படகு தூண்ல மோதுதும்மா. தூங்கு."

சாயங்காலம் தண்ணீர் ஏறத் தொடங்கும் வரை தட்டு நிற்கவில்லை. கடைசியில் குரல் வந்தது, பனிக்குள்ளிருந்து, கோபமே இல்லாத குரல். "மாஸ்தலோ, நீ இருக்கேன்னு தெரியும்டா. தட்டு." கொட்டாப்புளி அவன் மடியில் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தான்.

செவேரோவோடு போன துடுப்புக்காரக் கிழவனின் உடல் மூன்றாம் நாள் ஒதுங்கியது. செவேரோ கிடைக்கவில்லை. தட்டு எதுவும் கேட்கவில்லை என்று மாஸ்தலோ தேவாலயப் பீடத்தில் இருந்த புனிதரின் எலும்பைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

கம்பங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் ஒன்று, ஒருநாள் மூன்று, நான்கு நாள் எதுவும் இல்லாமல் அவன் மூச்சு விட ஆரம்பித்த பிறகு ஒரே காலையில் இரண்டு. பிடுங்குவதை விட்டுவிட்டான். கிட்டே போய்ப் பார்க்கும்போதெல்லாம் வெட்டுகள் இருந்த இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது, பல தடவை யாரோ தடவிப் பார்த்த மாதிரி.

உப்பளத்து ஜூபியானோ ஒருநாள் படகை ஓரம் கட்டிக்கொண்டு சத்தம் போட்டான். வாய்க்குப் பூட்டில்லாத ஆள்.

"அண்ணே! மூணு வருஷம் தூங்கி எந்திரிச்சீங்களா? மடத்துச் சால் மறுபடி தெறந்தாச்சாமே! எங்க வீட்டுக்காரி உங்களுக்குப் புண்ணியம்னு சொல்லச் சொன்னா. சுத்திச் சுத்தி வந்து எனக்கு முதுகே வளைஞ்சு போச்சு."

நான் நடவில்லை என்று சொல்லலாம். அப்படியென்றால் யார் நட்டது, முன்னே இருந்தது எப்படிப் போனது, புயலில் போன கம்பம் எப்படி அதே முடிச்சோடு வந்தது என்று பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் சபை கூடும். செவேரோ போனாலும் அவர் போட்ட சட்டத்தை யாரும் எடுத்துவிடவில்லை.

"ஆமா ஜூபியானோ, நாந்தான்" என்றான். "கொஞ்சம் கொஞ்சமா நட்டுக்கிட்டு வர்றேன்."

"அது சரி! எப்ப நடுறீங்கன்னுதான் யாருக்கும் தெரியல. மாமியாருக்குத் தெரியாம பலகாரம் தின்ன மாதிரி." ஜூபியானோ சிரித்துக்கொண்டே போனான். உள்ளே ரொமானாவும் சிரித்தாள்.

அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பதினெட்டுக் கம்பம் ஆன அன்று காலையில் ரொமானா அத்தை வீட்டுக்குப் புறப்பட்டாள். மடத்துக்குப் பக்கத்துத் தீவு. கல்யாணத் துணி தைத்து வைத்திருக்கிறாளாம், அளவு பார்க்க வேண்டுமாம். வானம் வெளுத்திருந்தது, காற்று செத்துக் கிடந்தது.

"இன்னிக்கு வேண்டாம்மா. பனி விழும்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

"அப்படின்னா பெரிய சால்ல சுத்திப் போ. மடத்துச் சால்ல போகாத."

"ஏன்? நீங்க நட்ட கம்பம்தானே?"

அவள் துடுப்பைத் தண்ணீரில் போட்டாள். "சரி சரி, சுத்தியே போறேன். மத்தியானத்துக்குள்ள வந்திருவேன். விலாங்க வறுத்து வைங்க, கருக்கிராதீங்க" என்றாள். போகும்போது பெரிய சாலில்தான் போனாள், கண்ணிலிருந்து மறையும் வரை நின்று பார்த்தான்.

திரும்பி வரும்போது எப்படி வருவாள் என்று அவன் யோசிக்கவில்லை.

உச்சிக்கு முன்பே பனி இறங்கியது. முதலில் தூரத்துத் தீவுகள் போயின, பிறகு உப்பளக் குடிசைகள், பிறகு கம்பங்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் அவன் நின்ற பலகையின் நுனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. இருட்டாக இருந்தால் விளக்கு வைக்கலாம். இந்த வெள்ளைக்கு என்ன செய்வது? எங்கோ ஒரு நீர்க்கோழி ஒருமுறை கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்கு அடியில் தண்ணீர் தூண்களை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது, வற்றம் தொடங்கியதும் அதுவும் மெல்ல மெல்ல ஓய்ந்து, அவன் தன் மூச்சையே வேறு யாருடையதோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். அடுப்பில் விலாங்கு கருகியது. அந்த நாற்றத்துக்கு அடியிலிருந்து இன்னொரு நெடி கிளம்பியது. காடி.

தூரத்தில் இரண்டு தட்டு கேட்டது.

மாஸ்தலோ கொட்டாப்புளியை எடுத்தான். பெரிய சாலின் பக்கமிருந்து வந்த சத்தமா? இல்லை. நேர் வடக்கு.

"ரொமானா!"

பனி அவன் குரலைத் தின்றது. பதில் இல்லை. அவளாக இருந்தால் கூப்பிடுவாள். தட்டிவிட்டுக் கூப்பிடுவது அவள் பழக்கம்.

மறுபடி இரண்டு தட்டு. கொஞ்சம் பக்கத்தில். இரண்டு தட்டுக்கும் அடுத்த இரண்டு தட்டுக்கும் நடுவே இன்னொரு சத்தம் இருந்தது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் சத்தம். மெதுவாக. அவசரமே இல்லாமல். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு.

அவன் தட்டவில்லை. தட்டினால் அது வழி கண்டுபிடித்துவிடும். தட்டாவிட்டால், வெளியே இருப்பது அவளாக இருந்தால்? வற்றத்தில் படகு உட்கார்ந்துவிட்டால்? சாயங்காலம் தண்ணீர் ஏறும்போது? அந்தக் கிழவனின் உடல் ஒதுங்கிய கோலம் அவனுக்கு ஞாபகம் வந்தது. வாய் நிறையச் சேறு. கொட்டாப்புளி கையில் வழுக்கியது. அழுகை வந்தது அவனுக்கு, வெட்கம் கெட்ட அழுகை.

"அப்பா!"

அவள் குரல்தான்.

"அப்பா, தட்டுங்கப்பா! ஒண்ணுமே தெரியல!"

அவன் தட்டினான். தூண் அதிர, வீடு அதிர, மூன்று தட்டு. மறுபடி மூன்று. மூன்று வருடத்துக்கு முன்பு தட்டாததையெல்லாம் சேர்த்துத் தட்டினான். "வாம்மா! இங்க! சத்தத்தப் பிடிச்சுக்கிட்டே வா!"

அங்கிருந்து இரண்டு தட்டு. இன்னும் பக்கத்தில். அவன் மூன்று.

இரண்டு. பக்கத்தில்.

மூன்று.

அவள் கூப்பிடவில்லை. அந்த ஒரு தடவைக்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

இரண்டு.

கை ஓய்ந்தது. காடி நெடியில் கண் எரிந்தது. சேற்றில் கால் பிடுங்கும் சத்தம் நின்றது. ஒரு மரம் சேற்றுக்குள் இறங்கும் சத்தம். அடி இல்லை. அழுத்தம் மட்டும். நிதானமாக.

பிறகு இரண்டு தட்டு. துறைக்கு எதிரே. பத்து முழத்தில்.

பத்தொன்பதாவது கம்பத்தின் இடம் அது.

பனி விலகியது. யாரோ போர்வையை உருவியதுபோல ஒரே இழுப்பில் விலகி, குளிர்கால வெயில் காயல் முழுக்க விழுந்தது. ஈரச் சேறு மின்னியது. மடம் வரைக்கும் பத்தொன்பது கம்பங்களும் வரிசையாக நின்றன. கடைசிக் கம்பத்தில் ரொமானாவின் படகு உரசிக்கொண்டு நின்றது. அவள் நடுப்பலகையில் நேராக உட்கார்ந்திருந்தாள், மடியில் கல்யாணத் துணி, துணியின்மேல் இரண்டு கைகளும். துடுப்பு அடியில் கிடந்தது.

"வந்துட்டியாம்மா!" மாஸ்தலோ கொட்டாப்புளியோடு பலகையின் நுனிக்கு ஓடினான். "வந்துட்டியே!"

அவள் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளித் திருப்பினாள்.

"பனி இன்னும் விலகலையாப்பா?"

வெயில் அவள் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அவள் இமைக்கவில்லை. கண் இருந்த இடங்கள் இரண்டும் வெந்த மீனின் கண்போல வெளுத்திருந்தன.

"பனி வந்ததும் கிட்டத்து வழியாச்சேன்னு உங்க கம்பத்தப் பிடிச்சுத்தான் வந்தேன். நடுவுல ஒரு பெரியவர் நின்னார்ப்பா, மார்பளவு சேத்துல. படகைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். நல்ல மனுஷன். உங்கள நல்லாத் தெரியுமாம்." அவள் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது. "அன்னைக்கு நான் தட்டுனேனே, நீ கேட்டியாம்மான்னு கேட்டார். கேட்டேன், அப்பா படகு மோதுதுன்னு சொன்னாங்கன்னு சொன்னேன். பொய் சொல்லலாமாப்பா? அப்ப சட்டப்படிதான் செய்யணும்னார். வலிக்கவே இல்ல. மொகத்துல ஆவி பட்ட மாதிரி இருந்துச்சு."

மாஸ்தலோ படகைத் தாண்டிப் பார்த்தான்.

கம்பத்துக்குப் பின்னால், மார்பளவு சேற்றில், ஒருவர் நின்றார். தாடியில் பாசி. ஒரு கை கம்பத்தின் வெட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தது. இமைகள் மூடியிருந்தன, சுற்றிலும் பழைய தீக்காயம்.

இமைகள் திறந்தன.

தேன் நிறம்.

அந்தக் கண்கள் வானத்தைப் பார்த்தன, தண்ணீரைப் பார்த்தன, வீட்டைப் பார்த்தன, கடைசியில் மாஸ்தலோவின் கையில் இருந்த கொட்டாப்புளிக்கு வந்து, அங்கிருந்து ஏறி அவன் முகத்தில் நின்றன. செவேரோ கையைத் தூக்கி, கம்பத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.